பவுலும் நியாயப்பிரமாணமும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் சபையில் வளர்ந்தவன். எனக்குப் பல நாளாக ஒரு சந்தேகம். மலைப்பிரசங்கத்தில் இயேசு, மோசே கொடுத்த யூதச் சட்டமாகிய நியாயப்பிரமாணத்தில் 'ஒரு சிறு எழுத்தாகிலும் ஒரு எழுத்தின் உறுப்பாகிலும் ஒழிந்துபோகாது' என்கிறார். அப்போஸ்தலர் பவுலோ, நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கான விருத்தசேதனம் செய்துகொண்டால் கிறிஸ்துவால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று கலாத்தியருக்கு எழுதுகிறார். என் நண்பர், 'இயேசு யூதராகவே வாழ்ந்தார், யூதராகவே இறந்தார். கிறிஸ்தவத்தை உண்டாக்கியது பவுல்தான்' என்று அடித்துச் சொல்கிறார். எங்கள் போதகரைக் கேட்டால், 'யூதச் சட்டம் ஒரு நுகம், பவுல் அதை உடைத்தார்' என்கிறார். இரண்டில் எது சரி?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பரும் போதகரும் எதிரெதிராகப் பேசுவதுபோலத் தெரிகிறது. ஆனால் இருவரும் சொல்வது ஒன்றுதான்: பவுல் யூத மதத்தை விட்டு வெளியே போய்விட்டார் என்று. ஒருவர் அதற்காகக் குறை சொல்கிறார், மற்றவர் பாராட்டுகிறார். அந்த அடிப்படையே தவறு என்று நினைக்கிறேன்.

கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் பவுல் தான் பட்ட பாடுகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். அதில் ஒரு வரி: 'யூதர்களால் ஒன்றுகுறைய நாற்பதடியாக ஐந்துதரம் அடிபட்டேன்.' 40 அடிக்கு மேல் போகக் கூடாது என்பது உபாகமத்தின் கட்டளை. எண்ணிக்கை தவறிக் கட்டளையை மீறிவிடக் கூடாதே என்று 39-உடன் நிறுத்துவார்கள். இது யூதர்களின் ஜெப ஆலயம் தன் ஆளுக்குக் கொடுக்கும் தண்டனை, வெளியாளுக்கு அல்ல. 'நான் இப்போது உங்களைச் சேர்ந்தவன் இல்லை' என்று சொல்லிவிட்டுப் பவுல் விலகிப் போயிருக்கலாம். போகவில்லை. ஐந்து முறையும் முதுகைக் காட்டியிருக்கிறார். மதத்தை விட்டுப்போனவர் செய்கிற காரியமா இது?

சரி, அப்புறம் சண்டை எதற்கு? இயேசுவை நம்பி வந்த புறஜாதியார், அதாவது யூதரல்லாதவர்கள், முதலில் யூதராக மாற வேண்டுமா என்பதற்காகத்தான். அது வெடித்தது சாப்பாட்டில், யூதர்களின் உணவு விதிகள் புறஜாதியாருக்கு இல்லை என்பதால்.

அந்தியோகியா அன்று சிரியா மாகாணத்தின் தலைநகர். யூதர்கள் பெருந்தொகையாக வாழ்ந்த ஊர். அவர்களுடைய வழிபாட்டால் ஈர்க்கப்பட்ட கிரேக்கர் பலர் ஒருவகையில் அந்தச் சமூகத்தின் பகுதியாகவே ஆகியிருந்தார்கள் என்று வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் எழுதுகிறார். அங்கே இயேசுவை நம்பிய யூதர்களும் கிரேக்கர்களும் ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். பேதுருவும் அவர்களோடு உட்கார்ந்தார். பிறகு யாக்கோபிடமிருந்து சிலர் வந்தார்கள். இந்த யாக்கோபு இயேசுவின் சகோதரர், எருசலேம் சபையின் தலைவர். அவர்கள் வந்ததும் பேதுரு விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் விலகினார்கள், பவுலோடு ஊர் ஊராகப் போய் ஊழியம் செய்த பர்னபா உட்பட. பவுல் எல்லோர் முன்னிலையிலும் பேதுருவைக் கேட்டார்: யூதராகிய நீரே புறஜாதியாரைப் போல நடக்கும்போது, அவர்களை யூதரைப் போல நடக்கும்படி எப்படிக் கட்டாயப்படுத்தலாம்? பேதுரு என்ன பதில் சொன்னார் என்று பவுல் எழுதவில்லை. ஜெயித்திருந்தால் எழுதியிருப்பார். அன்று பவுல் தோற்றார் என்பதே என் ஊகம்.

யாக்கோபின் ஆட்களை நாம் வில்லன்களாக்க வேண்டாம். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன், கி.மு. 167இல், அந்தியோகு எப்பிபானேஸ் என்ற அரசன் விருத்தசேதனத்தைத் தடைசெய்தான். பிள்ளைகளுக்கு அதைச் செய்வித்த தாய்மார்கள் கொல்லப்பட்டார்கள். பன்றி இறைச்சியைத் தொட மறுத்துச் செத்தவர்கள் உண்டு. அந்த அரசனின் தலைநகரே இந்த அந்தியோகியாதான். முன்னோர் உயிரைக் கொடுத்துக் காத்ததை அதே ஊரில் ஒரு பந்திக்காக விட்டுவிடுவதா என்று அவர்கள் கலங்கியிருந்தால், அதில் எனக்கு ஒரு தவறும் தெரியவில்லை.

பவுல் இதற்கு எங்கிருந்து பதில் எடுக்கிறார் என்று பாருங்கள். ஆதியாகமம் முதல் உபாகமம் வரையிலான ஐந்து நூல்களாகிய தோராவிலிருந்தேதான். ஆபிரகாம் விசுவாசித்தார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது என்பது ஆதியாகமம் 15ஆம் அதிகாரம். விருத்தசேதனக் கட்டளை 17ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது. ஆகவே விருத்தசேதனம் இல்லாதபோதே ஆபிரகாம் நீதிமான். எது முன், எது பின் என்று வசனத்தை வைத்து வாதாடும் இந்த முறை, நியாயப்பிரமாணத்தை நுணுகிப் படித்த பரிசேயர் என்ற யூதப் பிரிவில் பயின்ற ஒருவரின் முறை. நீங்கள் சொன்ன கலாத்தியர் வசனமும் புறஜாதியாருக்கு எழுதியதுதான். யூதர்களுக்கு அவர் சொன்னது வேறு: விருத்தசேதனம் பெற்றவனாக அழைக்கப்பட்டவன் அதை இழக்க நாடவேண்டாம் என்று 1 கொரிந்தியர் 7இல் எழுதுகிறார்.

பவுல் எல்லாக் கட்டளைகளையும் கடைசிவரை அப்படியே கைக்கொண்டார் என்று நான் சொல்லவில்லை. நியாயப்பிரமாணம் இல்லாதவர்களிடம் அது இல்லாதவனைப் போல நடந்தேன் என்று அவரே ஒத்துக்கொள்கிறார். கலாத்தியர் கடிதம் கோபத்தில் எழுதப்பட்டது, அதில் நியாயப்பிரமாணத்தைப் பற்றிய கடுமையான வரிகள் உண்டு. அதே மனிதர் பின்னாளில் ரோமருக்கு எழுதும்போது நியாயப்பிரமாணம் பரிசுத்தமானது என்கிறார், தேவன் தம்முடைய ஜனங்களைத் தள்ளிவிடவில்லை என்கிறார். கலாத்தியரைப் பிரசங்கித்த அளவுக்கு ரோமர் 9 முதல் 11 வரையும் பிரசங்கித்திருந்தால், ஐரோப்பியச் சபைகள் யூதர்கள்மேல் கொட்டிய வெறுப்பில் பாதியாவது குறைந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

மறுபக்கம் யாக்கோபு. கி.பி. 62இல் பிரதான ஆசாரியர் அன்னா அவர்மேல் நியாயப்பிரமாணத்தை மீறியதாகக் குற்றம் சாட்டிக் கல்லெறிந்து கொல்லவைத்தார். ஜொசிபஸ் இதைச் சொல்லிவிட்டு, நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட நகரத்தார் இந்தச் செயலைக் கண்டு கொதித்தார்கள், அவர்கள் கொடுத்த புகாரால் அன்னா பதவி இழந்தார் என்கிறார். இயேசுவை நம்பிய ஒரு சபையின் தலைவருக்காக, அந்த நம்பிக்கையைப் பகிராதவர்களும் நியாயம் கேட்டிருக்கிறார்கள். எருசலேமில் அன்று இரண்டு மதங்கள் இருக்கவில்லை.

இப்போது நீங்கள் சொன்ன மலைப்பிரசங்க வசனம். அது மத்தேயு சுவிசேஷத்தில் இருப்பது. பவுலின் கடிதங்கள் 50களில் எழுதப்பட்டவை. மத்தேயு சுவிசேஷம் அதற்குப் பிந்தியது, 80களை ஒட்டியது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கணக்கு. ஆக, ஒரு எழுத்தும் ஒழியாது என்ற வாக்கைப் பவுலுக்குப் பிறகும் பொக்கிஷமாகக் காத்த விசுவாசிகள் இருந்தார்கள். இரண்டையும் ஒரே புதிய ஏற்பாட்டில் வைத்தார்கள். பவுலின் கடிதங்களையும் தான் திருத்திய ஒரு சுவிசேஷத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு எபிரேய வேதத்தைத் தூக்கி எறியச் சொன்ன மார்சியன் என்ற போதகரை 144 வாக்கில் ரோமாபுரிச் சபை வெளியேற்றியது.

பிரிவு மெதுவாகத்தான் நடந்தது. 70இல் எருசலேம் ஆலயம் இடிந்தது. 135இல் ரோமருக்கு எதிராக யூதர்கள் செய்த பார் கோக்பா கலகம் நசுக்கப்பட்டபின் யூதர்கள் எருசலேமுக்குள்ளேயே வரக் கூடாது என்றானது. அதோடு விருத்தசேதனம் பெற்றவர்கள் தலைமை தாங்கிய எருசலேம் சபையும் முடிந்தது. புறஜாதி விசுவாசிகளோ பெருகிக்கொண்டே போனார்கள். 160 வாக்கில்கூட யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், நியாயப்பிரமாணத்தைக் கைக்கொள்ளும் யூத விசுவாசிகள், மற்றவர்களைக் கட்டாயப்படுத்தாதவரை, இரட்சிக்கப்படுவார்கள் என்றார். இதை ஒப்புக்கொள்ளாத கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் எழுதினார்.

சாதாரண ஜனங்கள் இந்தப் பிரிவை ஏற்க இன்னும் காலம் எடுத்தது. 386இல், அதே அந்தியோகியாவில், யோவான் கிறிசொஸ்தோம் என்ற குரு தன் சபையாரைத் திட்டிப் பிரசங்கம்மேல் பிரசங்கம் செய்கிறார். எதற்கு? யூதர்களின் எக்காளப் பண்டிகைக்கும் கூடாரப் பண்டிகைக்கும் கிறிஸ்தவர்கள் ஜெப ஆலயத்துக்குப் போகிறார்கள் என்று. ஒருவர் ஏதோ ஒரு வழக்கில் ஒரு கிறிஸ்தவப் பெண்ணைச் சத்தியம் செய்ய ஜெப ஆலயத்துக்கு இழுத்துக்கொண்டு போனாராம். ஏன் அங்கே என்று கேட்டால், அங்கே செய்யும் சத்தியத்துக்குத்தான் பயம் அதிகம் என்று பலர் சொன்னதாகப் பதில் வந்ததாம். பவுல் பேதுருவைக் கேட்டு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்த ஊர் இப்படித்தான் இருந்தது. கிறிசொஸ்தோம் அந்தப் பிரசங்கங்களில் யூதர்களைப் பற்றிச் சொன்ன வசைகளை இங்கே எடுத்தெழுத எனக்கு மனம் வரவில்லை.

நண்பருக்கும் போதகருக்கும் அப்போஸ்தலர் நடபடிகள் நூலின் 21ஆம் அதிகாரத்தைக் காட்டுங்கள். யாக்கோபு சொன்னபடி, பொருத்தனை, அதாவது கடவுளுக்கு நேர்த்தி, செய்த நாலு பேரின் செலவை ஏற்று, அவர்களோடு பவுலும் சுத்திகரித்துக்கொண்டு ஆலயத்துக்குள் போகிறார். இதை எழுதியவருக்குச் சண்டைகளை மென்மையாக்கிச் சொல்லும் பழக்கம் உண்டு, அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.