பேரப்பிள்ளை பார்க்க மெல்போர்ன் போகிறவருக்கு

கேள்வி: மகளின் பிரசவத்துக்கு மெல்போர்ன் போகிறேன். இங்கிலீஷ் பேப்பர் படிப்பேன், ஓரளவு பேசவும் செய்வேன். "அது பத்தாதும்மா, இவங்க பேச்சே வேற. கொஞ்சம் கத்துக்கிட்டு வா" என்கிறாள் மகள். எங்கே ஆரம்பிப்பது? கையோடு நம் ஊர் மாம்பழம் கொண்டு போகலாமா?
- வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: மகள் சொல்வது சரிதான். ஆனால் பழக்க வேண்டியது காதை, வாயை விட்டுவிடுங்கள். ஓசூர் சந்தையில் காய்க்காரர் தெலுங்கில் விலை சொல்ல, நாம் தமிழில் பேரம் பேசி வாங்கி வருவதில்லையா? அந்த அளவு போதும். நம் வயதில் அவர்கள் மாதிரி ‘குடே மேட்’ என்று வணக்கம் சொல்ல ஆரம்பித்தால் மாப்பிள்ளையே சிரித்துவிடுவார்.

பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்தபின், அந்த மாநிலத்தில் தாய்சேய் நல நர்ஸ் வீடு தேடி வருவார். "ஹவ்ஸ் பப் கோயிங்?" என்பார். பாப்பா எங்கே போகிறது என்று முழிக்காதீர்கள். ‘பப்’ என்றால் கைக்குழந்தை. எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். கடையில் உங்களைப் பார்த்தும் "ஹவ் யா கோயிங்?" என்பார்கள். "குட், தேங்க்ஸ்" என்றால் முடிந்தது. மூட்டுவலிக் கதையை எடுத்துவிட்டால் பின்னால் வரிசை நின்றுவிடும். நாம் டயப்பர் என்பது அங்கே நாப்பி. அழுகிற பிள்ளை வாயில் வைக்கும் ரப்பர் நிப்பிள், டம்மி. ஸ்வெட்டர் ஜம்பர் ஆகிவிடும். மருந்துக்கடைக்கு கெமிஸ்ட், பெட்ரோல் பங்க்குக்கு சர்வோ.

‘திஸ் ஆர்வோ’ வருகிறேன் என்றால் இன்று மத்தியானத்துக்கு மேல். "டீக்கு வாங்க" என்று கூப்பிட்டால் சில வீடுகளில் அது ராத்திரிச் சாப்பாடு. வயிற்றில் இடம் வைத்துக்கொண்டு போங்கள். "பிரிங் எ பிளேட்" என்றால் வெறும் தட்டோடு போய் நிற்கக் கூடாது, ஆளுக்கொரு பதார்த்தம் செய்து கொண்டுபோக வேண்டும். ஜீலாங்கில் இருக்கும் என் தங்கை எப்போதும் எலுமிச்சை சாதம்தான் கொண்டுபோவாள். தாளிப்பில் வரமிளகாயைப் பாதியாகக் குறைத்து, வேர்க்கடலையை அள்ளிப் போடுவாள். அந்த டப்பாதான் முதலில் காலியாகும்.

யூடியூபில் ‘நூறு ஆஸ்திரேலியச் சொற்கள்’ என்று வரும் வீடியோக்களில் பாதி சுற்றுலாக்காரர்களைச் சிரிக்கவைக்கத்தான். அதற்குப் பதிலாக அந்த நாட்டுப் பொது வானொலியான ஏபிசியின் மெல்போர்ன் நிலையத்தை போனில் வைத்துக் கேளுங்கள். நேயர்கள் போன் போட்டுப் பேசும் நிகழ்ச்சிகள்தான் உங்களுக்கு வேண்டியவை: குப்பை வண்டி வரவில்லை, பேரனுக்குச் சளி என்று சாதாரண ஜனங்கள் பேசுவார்கள். அங்கே நமக்கு நாலரை மணி நேரம் முந்தி, அவர்களுடைய கோடையில் ஐந்தரை. நீங்கள் காலையில் அடுப்பு பற்றவைக்கும்போதே கேட்கலாம். முதல் வாரம் ஒன்றும் பிடிபடாது. அப்புறம் தானாகக் காதில் ஏறும்.

மாம்பழம் கூடவே கூடாது, மல்கோவாவும் சரி, செந்தூராவும் சரி. ஊறுகாய், பருப்புப்பொடி என்று சாப்பிடும் பொருள் எது இருந்தாலும், விமானத்தில் தரும் கார்டில் ‘ஆம்’ என்று குறித்து அதிகாரியிடம் காட்டிவிடுங்கள். விடுவதா பிடுங்குவதா என்பது அவர் பாடு. சொல்லாமல் மறைத்தால்தான் அபராதம்.