அம்மாவின் கணக்கில் வங்கி பிடிக்கும் பணத்தை எப்படி நிறுத்துவது?

குடியாத்தத்தில் தறி நெய்யும் உங்கள் அம்மாவின் கணக்கில் மினிமம் பேலன்ஸ் இல்லையென்று வங்கி பணம் பிடிக்கிறது, செல்போனிலும் கேட்காத காலர் ட்யூனுக்குக் காசு போகிறது என்கிறீர்கள். இரண்டையும் நிறுத்தலாம்.

முதலில் வங்கி. 2015 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, இருப்பு குறைந்தால் முன்கூட்டியே தகவல் சொல்லி ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும். அபராதத்தால் கணக்கை மைனஸுக்குக் கொண்டுபோகவும் கூடாது. பாஸ்புக்கை என்ட்ரி போட்டு, பிடித்த தேதிகளைக் குறித்து, கிளை மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். நகலில் சீலும் தேதியும் வாங்காமல் வராதீர்கள், பிறகு அதுதான் உங்கள் ஆதாரம். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். இதற்காக வேலூருக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. உதவிக்கு 14448.

அப்புறம், அதே கிளையில் கணக்கை அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றித் தரக் கேளுங்கள். அதற்கு மினிமம் பேலன்ஸே இல்லை, ஏடிஎம் கார்டும் இலவசம். கூலிக்கு உழைப்பவர்களுக்கு இதைத்தான் வங்கிகள் முதலில் சொல்ல வேண்டும், சொல்வதில்லை என்பது எனக்குக் கோபம்தான்.

செல்போனுக்கு: 155223 ஐ அழைத்து அந்தச் சேவையை நிறுத்துங்கள். சம்மதத்தை இரண்டு முறை உறுதி செய்யாமல் அதைத் தொடங்கவே கூடாது என்பது டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதி. அதைச் சொல்லி, பிடித்த காசைத் திருப்பிக் கேட்டுப் புகார் எண் வாங்கி வையுங்கள்.