எதிர்வீட்டு நோன்பும் கும்பகோணத்துச் சிந்தாமணியும்

அன்புள்ள ஐயா,

எங்கள் அடுக்ககத்தில் போன மாதம் மத நல்லிணக்க விழா நடத்தினோம். ஒரு குழந்தைக்குத் திருநீறு, ஒன்றுக்குத் தொப்பி, ஒன்றுக்குச் சிலுவை மாலை. கைகோத்து நிற்க வைத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டோம். எல்லா மதமும் ஒன்றுதான் என்று செயலாளர் பேசினார், கைதட்டினோம். நாற்காலிகளை அடுக்கும்போது எதிர்வீட்டு அக்கா என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "வருஷா வருஷம் நோன்புக் கஞ்சி எல்லார் வீட்டுக்கும் குடுக்கிறேன். நோன்பு எதுக்குன்னு இதுவரை ஒருத்தரும் கேட்டதில்ல." அவர் முஸ்லிம். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்ற பயமும் இருக்கிறது. "அவங்க சமாச்சாரம் நமக்கெதுக்கு? ஒதுங்கி இருந்தாலே மரியாதைதான்" என்கிறார் என் மாமனார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

எல்லா மதமும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டால் எதையும் தெரிந்துகொள்ள வேண்டிய வேலை மிச்சம். உங்கள் செயலாளர் நல்ல மனிதராகத்தான் இருப்பார். ஆனால் அந்த அக்காவின் நோன்பும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமும் ஏகாதசியும் ஒன்றல்ல. ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. வேறாக இருப்பதை வேறென்று தெரிந்துகொண்டு பழகுவதற்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். அப்படி மெனக்கெட்ட ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

உ.வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். அதே ஆண்டு அக்டோபரில் அங்கே முன்சீப்பாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக, இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, கலம்பகம், கோவை, உலா என்று அடுக்கினார். முதலியார் அசரவே இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். இல்லை. பிறகு முதலியாரே ஒரு கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துப் பாடம் சொல்லச் சொன்னார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்தவருக்கே நூல் பிடிபடவில்லை. இலக்கணம் இடிக்கவில்லை, தமிழும் இடிக்கவில்லை. அது சமணக் காவியம். அந்தச் சமயத்தின் கொள்கையும் வழக்கமும் தெரியாமல் பாட்டு நகர மறுத்தது.

இந்த இடத்தில் அவர் ஊகித்து எழுதியிருக்கலாம். அறிஞர்கள் பலர் அப்படித்தான் செய்வார்கள். அவர் அதே ஊரிலிருந்த சமணர் வீடுகளுக்குப் போனார். சந்திரநாத செட்டியார் என்பவரின் வீட்டு வாசலில் மாவிலைத் தோரணமும் கோலமுமாக இருந்தது. என்ன விசேஷம் என்று விசாரித்தால், பல மாதங்களாக நடந்த சிந்தாமணிப் பாராயணம் அன்று பூர்த்தியாம்! தமிழ்ப் புலவர்கள் அநேகமாகக் கைவிட்டிருந்த நூல், நாலு தெரு தள்ளி ஒரு வீட்டில் வழிபாட்டு நூலாக வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அதன் பிறகு சந்தேகம் வந்தபோதெல்லாம் அந்த நண்பர்களிடம் போய்க் கேட்டார். அவர்களும் சலிக்காமல் சொன்னார்கள். அவருக்கிருந்த ஈடுபாட்டைப் பார்த்து, இவர் ஒரு பவ்ய ஜீவன் என்றார்கள். வீடுபேற்றுக்குத் தகுதியுள்ள உயிரை அப்படிச் சொல்வது சமண மரபு. 1887இல் சிந்தாமணி, பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியரின் உரையோடு அச்சில் வந்தது.

இதில் சிக்கலும் இருந்தது. சைவர்களுக்குச் சிந்தாமணி சாதாரண நூல் அல்ல. சோழ மன்னன் அதில் மயங்கிக் கிடந்ததைப் பார்த்து, அவனைத் திருப்பத்தான் சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்று சேக்கிழார் புராணம் சொல்கிறது. மதுரையில் சமணர்கள் கழுவேறியதைச் சைவ இலக்கியமே பெருமையோடு பாடி வைத்திருக்கிறது. ஆகவே அந்தக் காலத்தில் எல்லாரும் அண்ணன் தம்பியாக இருந்தார்கள் என்று நான் கதைவிட வரவில்லை. சைவ மடத்தில் வளர்ந்தவர் சமண நூலைத் தூக்கிப் பிடிக்கலாமா என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. ஆனால் திருவாவடுதுறை ஆதீனத்தின் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் மடத்து ஏட்டுப் பிரதியை எடுத்துக் கொடுத்தார். சைவ மடத்தின் ஏட்டறையில் சமணக் காவியம் பத்திரமாக இருந்தது என்பதே எனக்கு ருசிகரமான செய்தி.

ஐயர் சமணர் ஆகிவிடவும் இல்லை. திருநீறு நெற்றியிலேயே இருந்தது. அந்தச் செட்டியாரும் இவரை மாற்றப் பார்க்கவில்லை. அப்புறம் மணிமேகலையில் இறங்கியபோது, கேட்பதற்குப் பக்கத்தில் பௌத்தர் யாரும் இல்லை. கல்லூரி நண்பர் ரங்காசாரியார், வைணவர், ஆங்கிலப் புத்தகங்களைப் படித்துப் பௌத்தத்தை விளக்கினார். 1898இல் அதுவும் வந்தது. பௌத்த நூலைச் சைவர் பதிப்பிக்க, வைணவர் பாடம் சொல்லியிருக்கிறார். யாரும் மேடை போட்டுக் கைகோத்து நிற்கவில்லை.

உங்கள் மாமனார் சொல்வதை ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். ஒருவர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்காமல் இருப்பதும் நாகரிகம்தான். நம் தெருக்களில் பாதி அமைதி அதனால்தான் நிலவுகிறது. ஆனால் அந்த அமைதிக்கு உறுதி போதாது. நாளைக்கு உங்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்த அக்காவின் மதத்தைப் பற்றி ஒரு விஷமச் செய்தி வரும். அது பொய் என்று சொல்ல உங்களுக்கு ஏதாவது தெரிந்திருக்க வேண்டுமே. இருபது வருடம் ஒதுங்கி இருந்தவரிடம் என்ன இருக்கும்?

கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வாரா என்கிறீர்கள். அவர்தான் கேட்கச் சொல்லிவிட்டாரே! கேட்கிற விதம் ஒன்று உண்டு, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். "உங்க ஆளுங்க ஏன் இப்படி?" என்று தொடங்குவது கேள்வியே அல்ல, குற்றப்பத்திரிகை. எங்கோ எவனோ செய்ததற்கெல்லாம் அவரிடம் பதில் கேட்காதீர்கள். சாமிநாதையர் நூலைப் படித்து, புரியாத இடத்தைக் குறித்துக்கொண்டு போனார். நீங்களும் கொஞ்சம் தெரிந்துகொண்டு போகலாம். ரமலான் ஏன் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகர்கிறது, நோயாளியும் பயணியும் விட்ட நோன்பை எப்போது பிடிப்பார்கள், நோன்பு தொடங்குமுன் விடியற்காலையில் சாப்பிடும் சஹருக்கு அவர் வீட்டில் என்ன சமைப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கடைசிக் கேள்விக்குத்தான் நீளமான பதில் கிடைக்கும். அவரும் உங்களிடம் திருப்பிக் கேட்பார். அப்போது பொங்கலுக்குச் சூரியனை ஏன் கும்பிடுகிறோம் என்று நீங்களும் யோசிக்க வேண்டி வரும்.

விழாவை நிறுத்தச் சொல்லவில்லை. குழந்தைகளுக்கு வேஷம் போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். அதற்குப் பதில், அந்த அக்காவுக்கு விருப்பம் இருந்தால், அடுத்த வருஷம் அரை மணி நேரம் மைக்கை அவரிடம் கொடுங்கள். செயலாளரை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.