ஆண்டு மாநாட்டுக்குச் செல்லும் இளம் ஆய்வாளர்களுக்கு: கேள்வி-பதில்

ஐயா, டர்பனில் இயற்பியலில் முதுகலை ஆய்வு செய்கிறேன். என் முடிவுகளில் பாதிதான் வந்திருக்கிறது. கழகத்தின் ஆண்டு மாநாட்டுக்கு இப்போதே விண்ணப்பிக்கலாமா? (வாசகி, சாட்ஸ்வொர்த்)

தாராளமாக விண்ணப்பியுங்கள். 1955இல் தொடங்கப்பட்ட தென்னாப்பிரிக்க இயற்பியல் கழகம் ஆண்டுதோறும் கூட்டும் மாநாட்டில் மாணவர்களுக்கெனத் தனிப் பரிசுகளே உண்டு. முற்றுப்பெறாத ஆய்வுக்கு உரையைவிடச் சுவரொட்டி (ஆய்வை ஒரே பெரிய தாளில் அச்சிட்டு மாட்டி, அருகில் நின்று விளக்குவது) பொருத்தமானது. உரைக்குப் பின் கேள்வி கேட்க ஓரிரு நிமிடங்களே கிடைக்கும், சுவரொட்டியின் முன்னாலோ கையில் தேநீருடன் வந்து நிற்பவர் உங்கள் பிழைக்கணக்கீட்டைக் கால்மணி நேரம் துருவுவார். ஏ0 அளவுத் தாளில் தலைப்பு இரண்டு மீட்டர் தூரத்திலிருந்தும் படிக்கும்படி இருக்கட்டும். துணியில் அச்சிட்டால் மடித்துப் பெட்டியில் வைத்துவிடலாம், விமானத்தில் நீண்ட குழாயைச் சுமக்கும் தொல்லை இராது.

பதிவுக் கட்டணம், விமானம், விடுதி எல்லாம் என் உதவித்தொகைக்குக் கட்டுப்படியாகாது. யாரிடம் கேட்பது? (வாசகர், பீனிக்ஸ்)

முதலில் உங்கள் வழிகாட்டிப் பேராசிரியரிடம் கேளுங்கள். அவருடைய ஆய்வு நிதியில் பயணத்துக்கென ஓர் ஒதுக்கீடு பெரும்பாலும் இருக்கும். அடுத்து புல அலுவலகம், அதன்பின் மாநாட்டை நடத்தும் கழகம். கழகங்கள் தரும் பயண உதவிக்கான கடைசி நாள் பதிவுக்கான கடைசி நாளுக்கு முன்பே வந்துவிடுவதுண்டு என்பதால், ஆய்வுச் சுருக்கத்தை அனுப்பும் நாளிலேயே இதற்கும் விண்ணப்பித்துவிடுவது நல்லது. இன்னொன்றையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்: பணம் முன்கூட்டியே வருமா, ரசீதுகளைக் கொடுத்த பிறகா? கேப் டவுன் போய்வரும் செலவை மாதக்கணக்கில் தன் கையிலிருந்து தாங்கும் வசதி எந்த மாணவருக்கு இருக்கிறது? இந்த முறையே சரியில்லை என்பது என் கருத்து. உங்களால் முன்பணம் போட இயலாது என்றால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். டிக்கெட்டைத் துறையே நேரடியாக எடுத்துத் தர வழியிருக்கலாம்.

முனைவர் பட்டம் பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இடையில் மகப்பேறு விடுப்பும் எடுத்தேன். இன்னும் நான் ‘தொடக்கநிலை ஆய்வாளர்’தானா? (வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

ஒவ்வோர் அமைப்பும் ஒவ்வொரு கணக்கு வைத்திருக்கிறது. சிலர் வயதைப் பார்ப்பார்கள், சிலர் பட்டம் பெற்ற ஆண்டைப் பார்ப்பார்கள். தென்னாப்பிரிக்காவின் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை ஆய்வாளர்களுக்குத் தரும் தரநிலைகளுள் ஒன்றான ‘ஒய்’ மதிப்பீடு நாற்பது வயதைத் தாண்டாத, பட்டம் பெற்று ஐந்து ஆண்டுகள் நிறைவடையாத இளம் ஆய்வாளர்களுக்கானது, ஆகவே தள்ளிப்போடாதீர்கள். தொடக்கநிலை ஆய்வாளர்களுக்கு நிதி தரும் அதே அறக்கட்டளையின் துத்துக்கா திட்டத்தைப் பற்றியும் உங்கள் பல்கலைக்கழக ஆய்வு அலுவலகத்தில் விசாரியுங்கள். விடுப்பின் தொடக்க, முடிவுத் தேதிகளை விண்ணப்பத்திலேயே குறிப்பிடுங்கள், ஏனெனில் அக்காலத்தைக் கழித்துக் கணக்கிடும் அமைப்புகள் பல உள்ளன. குழந்தையுடன் வந்தால் என்ன வசதி உண்டு என்று மாநாட்டு அமைப்பாளர்களிடம் தயங்காமல் கேளுங்கள்.

வெளிநாட்டு மாநாடு ஒன்று என்னைச் ‘சிறப்புப் பேச்சாளர்’ என்று அழைத்திருக்கிறது. கட்டணத்தை இந்த வாரமே கட்டச் சொல்கிறார்கள். (வாசகர், லெனேசியா)

கட்டாதீர்கள். இது பணம் பறிக்கும் போலி மாநாடாக இருக்கலாம், நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். மருத்துவமும் பாலம் கட்டுதலும் ஒரே அரங்கில் பேசப்படும் மாநாட்டுக்குப் பின்னால் எந்தக் கழகமும் இருப்பதில்லை. பெரிய கூட்டங்கள் நம் வாசலுக்கே வருவதும் உண்டு: பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் பொதுப் பேரவை, ஆப்பிரிக்காவில் முதன்முறையாக, 2024 ஆகஸ்டில் கேப் டவுனில்தான் கூடியது.

மூத்த பேராசிரியர்களிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது? கூச்சமாக இருக்கிறது. (வாசகர், டர்பன்)

அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து, ஒரே ஒரு கேள்வியுடன் மாநாட்டுக்கு ஒரு வாரம் முன்பே மின்னஞ்சல் அனுப்பி, தேநீர் இடைவேளையில் பத்து நிமிடம் தருவாரா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அவருடைய மாணவர்களைத் தேடிச் சென்று பேசுங்கள். ஆய்வகத்தில் காலியிடம் உண்டா என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.