24-ஐ 12 ஆக்கும் பெட்டிகள்: கேட்டதும் சொன்னதும்

24 வோல்ட்டை 12 வோல்ட் ஆக்கும் கன்வெர்ட்டர்களைச் சேர்த்து ஓட்டுவது பற்றிக் கேளுங்கள் என்றேன், பாம்பனிலிருந்து தொண்டி வரை கேள்வி வந்துவிட்டது. வந்த வரிசையிலேயே பதில்.

பாம்பன், விசைப்படகுக்காரர்: அண்ணே, 30 ஆம்பியர் பெட்டி இரண்டை அப்படியே சேர்த்துக் கட்டினேன். ஒன்று கொதிக்கிறது, இன்னொன்று சூடே ஏறவில்லை.

அப்படித்தான் ஆகும். ஒன்று 12.12 வோல்ட், இன்னொன்று 12.00, ஒவ்வொன்றின் வயரிலும் 5 மில்லி ஓம் என்று வையுங்கள். 24 ஆம்பியர் லோடு போட்டால் அத்தனையும் முதல் பெட்டிதான் சுமக்கும், இரண்டாவது சும்மா இருக்கும். லோடு குறைந்தால், டயோடுக்குப் பதில் மாஸ்ஃபெட் வைத்த பெட்டியாக இருந்தால் கரண்டைத் திருப்பி இழுக்கவும் செய்யும். இப்போதைக்கு லைட்டுக்கு ஒன்று, வயர்லெஸ்ஸுக்கு ஒன்று என்று பிரித்துவிடுங்கள்.

கீழக்கரை, ரிப்பேர் கடை: இரண்டு பெட்டியிலும் இருக்கும் கன்ட்ரோல் ஐசி டிஎல்494, இரண்டுக்கும் ஒரே கிளாக் (தாளம் போடும் துடிப்பு) கொடுத்தால் சரியாகிவிடுமா?

ஆகாது காக்கா. ஒன்றைத் தாளம் போடும் மாஸ்டர், மற்றதைப் பின்தொடரும் ஸ்லேவ் என்று வைத்து, ஸ்லேவின் 6-ஆம் காலை 14-இல் கட்டி, 5-ஆம் காலை மாஸ்டரின் 5-ஆம் காலோடு சேர்த்தால் இரண்டும் ஒரே தாளத்தில் ஓடும், அதுவரை சரி. 100-க்கும் 103 கிலோஹெர்ட்ஸுக்கும் நடுவே வரும் அந்த 3 கிலோஹெர்ட்ஸ் கீச்சுச் சத்தம் போய்விடும். ஆனால் கரண்டைப் பங்கு போடுவது கிளாக்கின் வேலை இல்லை. அதற்குக் காயில் கரண்டைப் பார்த்து ஓடும் கரண்ட் மோடு ஐசி வேண்டும். எல்லா ஐசியின் காம்ப் காலையும் (எவ்வளவு கரண்ட் வேண்டும் என்று சொல்லும் கால்) ஒன்றாக இணைத்து, மாஸ்டரின் எரர் ஆம்ப் (அவுட்புட் வோல்டேஜ் சரியா என்று பார்க்கும் பகுதி) மட்டும் பேச வேண்டும், ஸ்லேவுகளின் வாயைக் கட்டிவிட வேண்டும் (பல ஐசிகளில் ஸ்லேவின் ஃபீட்பேக் காலை உள் சப்ளையில் கட்டினால் போதும், டேட்டாஷீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்). மெதுவாக எழுப்பும் சாஃப்ட் ஸ்டார்ட் கால், ஆன்-ஆஃப் கால் இரண்டையும்கூடச் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் முதலில் எழுந்திருப்பவன் தலையில் முழுச் சுமையும் விழும்.

தொண்டி, கல்லூரி மாணவர்: இரண்டு கன்வெர்ட்டரின் கிளாக்கையும் 180 டிகிரி தள்ளி ஓட்டச் சொல்கிறார்களே, எதற்கு சார்?

சேர்ந்து ஓடும் ஒவ்வொரு கன்வெர்ட்டரும் ஒரு ஃபேஸ், 360-ஐ ஃபேஸ் எண்ணிக்கையால் வகு தம்பி. இரண்டுக்கு 180, மூன்றுக்கு 120. கரைவலை மாதிரி எல்லாரும் ஒரே மூச்சில் இழுப்பதல்ல இது, மாறி மாறி இழுப்பது. ஒரு காயிலில் கரண்ட் ஏறும்போது மற்றதில் இறங்கும். 24-இலிருந்து 12 எடுத்தால் டியூட்டி (ஒரு சுற்றில் ஸ்விட்ச் ஆனில் இருக்கும் பங்கு) கிட்டத்தட்ட பாதி, அந்த இடத்தில் ஏற்றமும் இறக்கமும் சமம், அவுட்புட் கெப்பாசிட்டருக்குப் போகும் ரிப்பிள் (கரண்டின் ஏற்ற இறக்கம்) ஏறக்குறைய பூஜ்யம். ஸ்கோப்பில் ஒருமுறை பார்த்துவிடு, அப்புறம் புத்தகமே வேண்டாம்.

மண்டபம், ஃபைபர் போட்டுக்காரர்: கன்வெர்ட்டரைப் போட்டதும் மீன் பார்க்கும் கருவியில் புள்ளி புள்ளியாக வருகிறது.

உங்கள் கருவி 200 கிலோஹெர்ட்ஸ்தானே? பெட்டி 100-இல் ஓடினால் அதன் இரட்டிப்பு அங்கேயே போய் உட்காரும், இரண்டு ஃபேஸ் என்றால் மிஞ்சும் ரிப்பிளும் அதே 200-தான். ஆசிலேட்டர் ரெசிஸ்டரை மாற்றி 130-க்குக் கொண்டுபோங்கள். அப்போது 130, 260, 390 என்று வரும், மீன் பார்க்கும் கருவிகள் வழக்கமாக ஓடும் 50-ஐயும் 200-ஐயும் தொடாது.

ராமேஸ்வரம்: ஆறு மாதம் நன்றாக ஓடியது, இப்போது கரண்ட் பங்கு தாறுமாறு.

உப்பு. என் போர்டிலும் காம்ப் வயர் போகும் இடத்தில் பிசுபிசுப்பாக ஒரு படலம் இருந்தது, ஐபிஏ (ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்) போட்டுத் தேய்த்ததும் பழையபடி ஓடியது. நன்றாகக் காயவைத்து வார்னிஷ் அடியுங்கள், ஈரத்தோடு அடித்தால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டிய கதைதான்.