பெர்லினில் ஒரு செமஸ்டர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். திருச்சியில் எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் வரும் குளிர்கால செமஸ்டருக்கு பெர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. நீங்களும் அந்த ஊரில் ஒரு செமஸ்டர் படித்ததாக எழுதியிருந்தீர்கள், அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

என்னோடு வருகிற இரண்டு பேர் இப்போதே பட்டியல் போட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறினால் பிராக், அடுத்த வாரம் ஆம்ஸ்டர்டாம், அப்புறம் வியன்னா, பாரிஸ் என்று வாரம் ஒரு ஊர். "இவ்வளவு கடன் வாங்கிப் போகிறோம், இன்னொரு தடவை போக முடியுமா?" என்கிறார்கள். அதுவும் சரியாகத்தான் படுகிறது. ஆனால் ஏதோ ஒன்று உறுத்துகிறது. ஐந்தாறு மாதத்தில் ஒரு ஊரைத் தெரிந்துகொள்ள முடியுமா? எனக்கு ஜெர்மன் மொழி ஏ1 அளவுக்குத்தான், அதாவது தொடக்க நிலை அளவுக்குத்தான் வரும். அம்மா வேறு நான் எங்காவது தொலைந்துபோய்விடுவேன் என்று தினமும் புலம்புகிறார்.

அன்புடன்,
ச., திருச்சி

அன்புள்ள ச.,

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், நானும் நீ என்றே எழுதுகிறேன்.

உனக்கு உறுத்துவது சரியான இடத்தில்தான் உறுத்துகிறது. பிராக்குக்கு ஒரு முறை போய் வா, பக்கம்தான், அழகான ஊர். மற்ற வார இறுதிகளை பெர்லினுக்கே கொடு.

முதலில் கணக்கைப் பார். குளிர்கால செமஸ்டர் ஏட்டில் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. வகுப்பு நடப்பது அக்டோபர் நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரைதான், அதிலும் கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் விடுமுறை. ஆக, வகுப்பு நடக்கும் வாரங்கள் பதினைந்து, பதினாறு. அதில் பன்னிரண்டு வார இறுதிகளைப் பஸ்ஸில் கழித்தால், அந்த ஊரில் உனக்கு மிஞ்சுவது வகுப்பறையும் நூலகமும் துணி துவைக்கும் மெஷினும் மட்டும்தான்.

நான் அப்படித்தான் கழித்தேன். 2012 அக்டோபரில் போனேன், டிசம்பருக்குள் ஒன்பது ஊர் பார்த்துவிட்டேன். படங்கள் இன்னும் இருக்கின்றன. இந்தப் பாலம் எந்த ஊர், இந்தத் தேவாலயம் எந்த ஊர் என்று இப்போது என்னால் சொல்ல முடியாது. ஜனவரியில் கையில் காசு தீர்ந்து வேறு வழியில்லாமல் பெர்லினிலேயே இருந்தேன் பார், அந்த ஐந்து வாரம்தான் இன்றுவரை எனக்குள் இருக்கிறது. வகுப்பு முடிந்ததும் பெர்னவர் ஸ்ட்ராஸ என்ற தெருவுக்குப் போவேன். கிழக்கு பெர்லினையும் மேற்கு பெர்லினையும் பிரித்த சுவர் நின்ற இடத்தை ஊருக்குள் பல தெருக்களில் இரண்டு வரிசைக் கல் பதித்துக் காட்டியிருப்பார்கள், அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு தினமும் கொஞ்ச தூரம் நடப்பேன். கோடு தெருவைக் குறுக்கே வெட்டும், எதிர்பாராத இடத்தில் திரும்பும், திடீரென்று காணாமல் போகும். 1961 ஆகஸ்ட் 13 அன்று ஓர் இரவில் வேலி போட்டார்கள் என்று நாம் பரீட்சைக்கு எழுதியிருக்கிறோம். அந்தக் கோட்டின் மேல் பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களைப் பார்த்த பிறகுதான், இது ஒரு தெருவின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவில் நடந்தது என்பது எனக்கு உடம்பில் ஏறியது.

அங்கே ஒரு பேக்கரி. பாடப்புத்தகத்தில் படித்தபடி "ப்ரோட்ஷன்" என்று கேட்டேன். கடைக்கார அம்மா முகத்தைத் திருப்பாமலே "ஷ்ரிப்ப" என்றார். பெர்லின்காரர்கள் அந்தச் சின்ன ரொட்டியை அப்படித்தான் சொல்வார்கள். மறுநாளும் நான் புத்தகச் சொல்லையே சொன்னேன், மறுபடி திருத்தினார். மூன்றாம் நாள் "ஷ்ரிப்ப" என்று கேட்டேன், ஒன்றும் பேசாமல் எடுத்துக் கொடுத்தார். பத்தாம் நாள் வாக்கில் நான் வாயைத் திறக்கும் முன்பே ரொட்டி பையில் இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் வெடுக்கென்றுதான் பேசுவார்கள், முதல் மாதம் அழுகை வரும், ஆனால் அது கோபம் இல்லை. ஒரே கடைக்குத் திரும்பத் திரும்பப் போனால்தான் இது புரியும். வாரம் ஒரு ஊர் போகிறவருக்கு எல்லா ஊரிலும் முதல் நாள்தான்.

ஏ1 போதுமா என்று கேட்கிறாய். ஆரம்பிக்கப் போதும். நீ தடுமாறினால் எதிரில் இருப்பவர் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார், அங்கேதான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நீ விடாதே, ஜெர்மனிலேயே பேசு. ஒன்று மட்டும் இப்போதே மனதில் வைத்துக்கொள்: "ஹால்ப் ட்ஸேன்", அதாவது அரைப் பத்து என்றால் ஒன்பதரை, பத்தரை இல்லை. இது தெரியாமல் ஒரு பேராசிரியரைப் பார்க்க ஒரு மணி நேரம் தாமதமாகப் போய், மறுபடி நேரம் வாங்க இரண்டு வாரம் காத்திருந்தேன்.

வகுப்பு நேரத்துக்குப் பக்கத்தில் சி.டி. (c.t.) என்று போட்டிருந்தால், குறித்த நேரத்துக்குக் கால் மணி கழித்துத்தான் தொடங்கும். முடிந்ததும் யாரும் கைதட்ட மாட்டார்கள், விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள், பயந்துவிடாதே. மதிப்பெண்ணில் 1.0தான் உச்சம், 4.0 வந்தால் கடைசி வரிசையில் தேர்ச்சி. இதை வீட்டில் முன்கூட்டியே சொல்லி வை. 1.3 வாங்கிய சந்தோஷத்தை போனில் சொல்லிவிட்டு அம்மாவைத் தேற்றிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

நீ வரலாறு படிக்கிறவள் என்பதால் அடுத்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உன் பல்கலைக்கழகத்தின் முதன்மைக் கட்டடத்துக்கு நேர் எதிரில், சாலையைக் கடந்தால், பேபல் திடல். நாஜி ஆட்சியில் 1933 மே 10 அன்று இரவு புத்தகங்களை எரித்த இடம். கொண்டுவந்து போட்டவர்களில் முன்னால் நின்றவர்கள் மாணவர்கள், அதை மறக்காதே. தரையில் ஒரு கண்ணாடி பதித்திருக்கும், குனிந்து பார்த்தால் கீழே வெள்ளை அறை, 20,000 புத்தகங்கள் கொள்ளும் அளவுக்கு அலமாரிகள், ஒன்றில்கூடப் புத்தகம் இல்லை. மிஹா உல்மன் என்ற இஸ்ரேலியச் சிற்பி 1995இல் செய்தது. பகலில் கண்ணாடியில் வானம்தான் தெரியும். இருட்டிய பிறகு போ, உள்ளே விளக்கு எரியும். ஒரே நாளில் பெர்லின் பார்க்க வருகிற கூட்டத்தில் பலர் அதன் மேலேயே நடந்து போவதை நான் பார்த்திருக்கிறேன்.

அங்கிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஃப்ரீட்ரிக்ஸ்ட்ராஸ ரயில் நிலையம். நீ தினமும் ஏறி இறங்கப்போகிற நிலையம் அதுவாகத்தான் இருக்கும். தமிழ் வரலாற்றில் அதற்கு ஓர் இடம் உண்டு, நம் ஊரில் அதிகம் பேருக்குத் தெரியாது. 1983 ஜூலைக்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிர்தப்பி ஓடிய தமிழர்களில் பலர் கிழக்கு ஜெர்மனியின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். கிழக்கு ஜெர்மனி அவர்களுக்கு வழிப்பயண விசா கொடுத்தது, தங்க விடவில்லை. அங்கிருந்து இந்த நிலையத்துக்கு வந்து, ரயில் ஏறி, மேற்கு பெர்லினில் இறங்கினார்கள். மேற்குப் பக்கத்தில் கடவுச்சீட்டு பார்க்க ஆளில்லை, ஏனென்றால் நகரத்தின் நடுவில் ஓடிய அந்தக் கோட்டை ஒரு நாட்டின் எல்லையாக மேற்கு ஏற்றுக்கொள்ளவே இல்லை. தன் சொந்த மக்கள் தாண்டினால் சுட்ட ஓர் அரசு இவர்களைத் தாண்டவிட்டது. 1985இல் மேற்கு ஜெர்மனி கொடுத்த அழுத்தத்தில், போகும் நாட்டின் விசா கையில் இல்லாத தமிழருக்கு அந்த வழியை அடைத்தார்கள்.

அந்த நிலையத்தை ஒட்டியே, கிழக்கிலிருந்து மேற்குக்குப் போகிறவர்களைச் சோதித்து அனுப்பிய மண்டபம் இருக்கிறது. உறவுகள் அழுது பிரிந்த இடம் என்பதால் கண்ணீர் மாளிகை என்று மக்களே பெயர் வைத்தார்கள். இப்போது அருங்காட்சியகம், கட்டணம் இல்லை. போய்ப் பார். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நொய்க்கோல்ன் பக்கம் பிரிட்ஸில் இருக்கும் மயூரபதி முருகன் கோயிலுக்குப் போ. ஈழத்தமிழர்கள் கட்டி எழுப்பிய கோயில். அங்கே வருகிற ஐயா, அம்மாக்களில் யாராவது அந்த நிலையத்தின் வழியாக வந்தவர்களாக இருக்கலாம். போனதும் கேள்வி கேட்காதே, அவர்களுக்கு அது தேர்வுப் பாடம் இல்லை. நாலைந்து தடவை போ, பாத்திரம் கழுவக் கை கொடு, சொல்ல நினைத்தால் அவர்களே சொல்வார்கள். ஒரே ஒரு தடவை போயிருந்தால் எனக்கும் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நவம்பரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், டிசம்பரில் அதற்கும் முன்னால். காலை எட்டு மணி வரை விடியாது. நாள்கணக்கில் வெயில் தலைகாட்டாது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் எல்லாம் மூடியிருக்கும், ஹாஸ்டல் வராந்தாவில் சத்தமே இருக்காது. அந்த நேரத்தில்தான் ஓடிவிடலாம் என்று தோன்றும், பஸ் டிக்கெட்டும் மலிவாகக் கிடைக்கும். நம் பிள்ளைகள் ஊர் ஊராக அலைவதில் பாதி ஆசையால் இல்லை, இந்தத் தனிமை தாங்காமல்தான். இதை உன் தோழிகளிடமும் சொல். தாங்க முடியாவிட்டால் தாங்க முடியவில்லை என்று சொல்ல ஓர் ஆளை முன்பே தேடி வைத்துக்கொள். பல்கலைக்கழகத்தில் பாட்டுக்குழு இருக்கும், விளையாட்டு வகுப்புகள் இருக்கும், நீ தமிழோ ஆங்கிலமோ சொல்லிக்கொடுத்து ஜெர்மன் கற்றுக்கொள்கிற ஜோடி ஏற்பாடும் இருக்கும். வாராவாரம் ஒரே நாளில் ஒரே ஆட்களைப் பார்க்கிற மாதிரி ஏதாவது ஒன்றில் முதல் வாரமே சேர்ந்துவிடு. நான் சேரவில்லை. அந்த நவம்பர் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு நேரம் கிடைப்பது பெரும்பாடு, கிளம்பும் முன்பே இணையத்தில் தேட ஆரம்பி. கோட்டு இங்கே வாங்காதே, நம் ஊர்க் கோட்டு அந்தக் குளிருக்குத் தாங்காது. அங்கே பழைய துணிக் கடைகளில் நல்லதாகக் கிடைக்கும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை எஸ்41 ரயிலில் ஏறு. ஊரை வட்டமாகச் சுற்றுகிற ரயில், 37 கிலோமீட்டர், சரியாக ஒரு மணி நேரம். ஜன்னல் ஓரம் உட்கார், எங்கும் இறங்காதே. பழைய தொழிற்சாலைகள், காலியாகவே விட்டுவைத்திருக்கும் டெம்பல்ஹோஃப் விமானத் தளம், துருக்கியர் கடைகள், தோட்டக் குடிசைகள் எல்லாம் வரிசையாக வரும். எஸ்42 அதே வட்டத்தில் எதிர்ப்பக்கமாகப் போகும். எதில் ஏறினாலும் ஏறிய இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிடும் என்று அம்மாவிடம் சொல்.

அன்புடன்,
அக்கா