டாஸ்க்வொரியர் பட்டியல் காணாமல் போனால் கடைக்கு ஓட வேண்டாம்

கேள்வி: ஹட்டனில் கொமியூனிகேஷன் கடை நடத்துகிறேன். வேலைக் குறிப்புகளை லினக்ஸ் லெப்டொப்பில் டாஸ்க்வொரியர் என்ற மென்பொருளில் எழுதிவைக்கிறேன். சேமிக்கும் போல்டரைப் பென் டிரைவுக்கு மாற்றியதும் பட்டியல் வெறுமையாகிவிட்டது. டேட்டா ரிகவரிக்குக் காசு கேட்கிறார்கள். கொடுக்கட்டுமா?

பதில்: ஒரு சதமும் கொடுக்காதீர்கள். எதுவும் அழியவில்லை. கட்டளைகளைத் தட்டச்சும் டெர்மினல் ஜன்னலில் 'டாஸ்க் கொன்பிக் டேட்டா.லொகேஷன்' என்று எழுதி, பின்னால் புதிய பாதையைக் கொடுத்தால், ஹோம் போல்டரில் உள்ள '.டாஸ்க்ஆர்சி' என்ற அமைப்புக் கோப்பில் ஒரு வரிதான் மாறும். பழைய குறிப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். புதிய இடத்தில் வெறும் கோப்பு ஒன்று உருவாகும், அவ்வளவுதான். இதை மென்பொருளே ஒரு வரியில் சொல்லியிருந்தால் எத்தனை பேருடைய காசு மிஞ்சியிருக்கும்!

ரிகவரி என்று மெஷினை வாங்கி, போர்மட் அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். உண்மையான அழிவு அப்போதுதான் நடக்கும். மெஷினைக் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள்.

பைல் மெனேஜரில் ஹோம் போல்டரைத் திறந்து கன்ட்ரோலும் எச்-உம் அழுத்துங்கள். புள்ளியில் தொடங்கும் '.டாஸ்க்' போல்டர் தெரியும். டாஸ்க்வொரியரின் 2ஆம் பதிப்பென்றால் உள்ளே 'பென்டிங்.டேட்டா', 'கம்ப்ளீட்டட்.டேட்டா' போன்ற கோப்புகள். 2024இல் வந்த 3ஆம் பதிப்பில் 'டாஸ்க்சாம்பியன்.எஸ்கியூலைட்3'. ஒன்றிரண்டைப் பொறுக்காமல் உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் புதிய போல்டருக்குப் பிரதி எடுங்கள். மூலத்தை அழிக்க வேண்டாம். மாற்றிய பிறகு புதிதாக ஏதும் குறித்திருந்தால், அதை முதலில் 'டாஸ்க் எக்ஸ்போர்ட்' மூலம் தனிக் கோப்பில் எடுத்துவையுங்கள். இல்லாவிட்டால் பிரதி அதன்மேல் ஏறிவிடும்.

பிறகு 'டாஸ்க் டயக்னொஸ்டிக்ஸ்' கொடுங்கள். 'டேட்டா' என்ற வரியில் இருப்பதுதான் உண்மையில் பயன்படும் இடம். நீங்கள் கொடுத்த பாதையும் அதுவும் வேறாக இருந்தால், டாஸ்க்டேட்டா என்ற சூழல் மாறி (டெர்மினல் நினைவில் வைத்து மென்பொருளுக்குக் கொடுக்கும் ஒரு மதிப்பு) குறுக்கே நிற்கலாம். '.டாஸ்க்ஆர்சி'யில் என்ன எழுதியிருந்தாலும் இது அதை மீறிவிடும். எத்தனை தடவை திருத்தினாலும் பலன் இருக்காது. டெர்மினலில் எக்கோ, ஓர் இடைவெளி, டொலர் குறி, அதை ஒட்டி டாஸ்க்டேட்டா என்ற பெயர் பெரிய ஆங்கில எழுத்துகளில் என்று தட்டச்சுங்கள். பாதை ஏதும் வந்தால் அதுதான் காரணம். டெர்மினல் திறக்கும்போது படிக்கும் '.பேஷ்ஆர்சி' கோப்பில் அந்தப் பெயருள்ள 'எக்ஸ்போர்ட்' வரியை நீக்கி, அந்த டெர்மினலை மூடிப் புதிதாக ஒன்றைத் திறவுங்கள். பழைய ஜன்னலில் சோதித்தால் பழைய பாதையே வரும்.

ஆனால் பென் டிரைவில் அன்றாடப் பட்டியலை வைப்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். எழுதிக்கொண்டிருக்கும்போது இழுத்தாலோ, பற்றரி இல்லாத மெஷினில் கரண்ட் போனாலோ கோப்பு பழுதாகும். மழைக்காலத்தில் நம் பக்கம் கரண்ட் படும் பாடு உங்களுக்குத் தெரியாததா? கூகுள் டிரைவ் போன்று தானாக ஒத்திசையும் போல்டரும் வேண்டாம். இரண்டு மெஷின்கள் ஒரே நேரத்தில் எழுதினால் 3ஆம் பதிப்பின் தரவுத்தளம் குழம்பும்.

பட்டியல் லெப்டொப்பிலேயே இருக்கட்டும். வாரம் ஒருமுறை 'டாஸ்க் எக்ஸ்போர்ட்' எடுத்து, அந்தக் கோப்பை மட்டும் பென் டிரைவில் போட்டு, இஜெக்ட் கொடுத்த பிறகு கழற்றுங்கள்.